இன்றைய காரில் சுத்தியல் எங்கே படலாம், எங்கே படக்கூடாது

அடிபட்ட வண்டியோடு வருபவர் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகுங்க?", அடுத்தது "என்னைக்குக் கிடைக்கும்?". அடிபட்ட இடத்தில் இருப்பது என்ன உலோகம் என்று யாரும் கேட்பதில்லை, முன்பெல்லாம் கேட்க வேண்டியும் இருந்ததில்லை. அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800 எல்லாம் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தகரம். சுத்தியல், தகரத்துக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கும் டோலி என்ற இரும்புக்கட்டி, கேஸ் சிலிண்டர், கைப்பக்குவம், இவ்வளவுதான் மூலதனம். கோயம்புத்தூரில் நான் தொழில் கற்ற பட்டறையில் மேஸ்திரி, இழுபட்டு உப்பிப்போன ஃபெண்டரில் கேஸ் காட்டி ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவக்க வைப்பார், சுற்றி நாலு தட்டு தட்டுவார், ஈரத்துணியை வைத்து அமுக்குவார், சுர்ரென்று ஆவி கிளம்பும்போதே தகரம் சுருங்கி இடத்துக்கு வந்துவிடும். அந்த வித்தை பொய்யில்லை. கதவின் வெளித்தகரம், ஸ்டீல் ஃபெண்டர் மாதிரி இடங்களில் இன்றைக்கும் அது செல்லும். அதே கேஸ் விளக்கை, கூரையைத் தாங்கும் தூணான பில்லரிலும் காட்டுவதுதான் பிரச்சினை.

ஏன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இந்தியாவில் முன்மோதல், பக்கமோதல் சோதனைகள் 2017 அக்டோபரிலிருந்து புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபரிலிருந்து எல்லா மாடல்களுக்கும் கட்டாயமாயின. 2023 அக்டோபரில், மோதலில் வண்டி எவ்வளவு பாதுகாப்பு என்று சொல்லும் பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீடும் வந்தது. நட்சத்திரம் வேண்டும், மைலேஜும் குறையக் கூடாது என்றால் தகரத்தின் கனத்தைக் கூட்டாமல் வலுவை மட்டும் கூட்ட வேண்டும். அதனால் ஒரே வண்டிக்குள் இப்போது பல ஜாதி ஸ்டீல் இருக்கிறது. கிழியாமல் தாங்கும் வலு, அதாவது இழுவலிமை, வெளித்தகரத்தில் 300 மெகாபாஸ்கல் பக்கம் என்றால், நீளவாக்கில் ஓடும் முன்பக்க ரெயில், குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பர் எல்லாம் 590, 780, 980 என்று ஏறிக்கொண்டே போகும். நடுபில்லருக்குள் இருக்கும் போரான் ஸ்டீல் 1500-ஐத் தொடும். அந்தப் போரான் பாகத்தை 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சிவப்பாக இருக்கும்போதே அச்சில் அழுத்தி, அச்சுக்குள்ளேயே சில வினாடிகளில் குளிர வைக்கிறார்கள். கொல்லுப்பட்டறையில் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்களே, அதே கதைதான். தோய்த்த அரிவாளை மறுபடி அடுப்பில் போட்டால் பதம் போய்விடும் என்பது கொல்லருக்குத் தெரியும். பில்லரில் கேஸ் காட்டுகிற டிங்கருக்குத்தான் தெரிவதில்லை. சிவக்கச் சூடாக்கித் தானாக ஆறவிட்டால் 1500 இருந்த இடம் 600 பக்கம் இறங்கிவிடும். வடிவம் திரும்ப வந்திருக்கும், மேலே பெயிண்ட் பளபளக்கும், வலு மட்டும் பாதிக்கும் கீழே. கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

போரானைக் கையால் உணர்வது டிரில் பிடிக்கும்போதுதான். பழைய பேனலைக் கழற்ற, தகரங்களைப் புள்ளி புள்ளியாக இணைத்திருக்கும் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகக் குடைந்து எடுக்க வேண்டும். சாதாரண ஸ்டீலில் கட்டர் இறங்கும்போது தூள் சுருள் சுருளாக வெளியே வரும், கைக்கும் ஒரு மெத்தென்ற உணர்வு இருக்கும். அதே கட்டரைக் கொஞ்சம் தள்ளி பில்லரில் வைத்தால் கீச்சென்று ஒரு சத்தம், கட்டர் முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிடும், பில்லரில் பளபளவென்று ஒரு சின்னப் பொட்டு மட்டும் விழுந்திருக்கும். தம்பிகள் இந்த இடத்தில் இன்னும் பலமாக அமுக்குவார்கள், அது வீண். கார்பைட் முனைக் கட்டர், குறைந்த வேகம், அப்படியும் அடம்பிடித்தால் சின்ன பெல்ட் சாண்டரால் வெல்டை மட்டும் தேய்த்து எடுப்பது, இதுதான் வழி. விலை அதிகம், ஒரு பில்லருக்கே கட்டர் தேய்ந்து போகும், அந்தச் செலவை எஸ்டிமேட்டில் எழுதினால் "டிரில் பிட்டுக்கெல்லாம் காசா?" என்று கேட்பார்கள்.

ஒருமுறை செகண்ட் ஹேண்ட் வண்டி ஒன்று வந்தது. மழை பெய்தால் வலது பக்கம் காலடியில் தண்ணீர் நிற்கிறது, கதவு சாத்தினால் டொக்கென்று ஒரு சத்தம், இவ்வளவுதான் கம்ப்ளெயின்ட். உள்பக்க பிளாஸ்டிக் டிரிம்மைக் கழற்றி, சீட் பெல்ட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நடுபில்லரின் அடியில் நீலமும் பழுப்புமாக ஒரு கருகல் வளையம், அதன் மேல் சுத்தியல் தழும்பு, பக்கத்தில் ஆர்க் வெல்டிங்கில் ஒட்டுப் போட்ட பட்டைத்தகடு. வெளியே விரல் கனத்துக்குப் பட்டி. எந்தப் பட்டறையோ, வண்டி இரண்டு கை மாறி வந்திருக்கிறது. வாங்கியவருக்கு "பெயிண்ட் டச்சப் மட்டும்தாங்க" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். புது பில்லர் போடுவதைத் தவிர வேறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது அவர் கைக்காசுதான், இன்சூரன்ஸில் கேட்க முடியாது. பழைய கார் வாங்குகிறவர்கள் பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கியாவது கொண்டு போங்கள். கம்பெனிப் பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். 300 என்றால் ஒரு தடவை மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று விடலாம். ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது, அது கதவில் என்றால் விலை பேசலாம், பில்லரில் என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

போரான் பாகம் வளைந்தால் நிமிர்த்தக் கூடாது, மாற்ற வேண்டும். அதுவும் நடுவில் வெட்டி ஒட்டாமல், பாக்டரியில் எந்த இடத்தில் ஜாயின்ட் இருக்கிறதோ அங்கிருந்து. எந்த இடத்தில் வெட்டலாம், எத்தனை வெல்டு, எங்கே பசை என்பதெல்லாம் அந்தந்தக் கம்பெனியின் பாடி ரிப்பேர் மேனுவலில் இருக்கும். சில கம்பெனிகள் பணம் கட்டினால் வெளிப் பட்டறைக்கும் தருகின்றன, சில தங்கள் டீலரைத் தாண்டி விடுவதில்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை. ரோட்டில் ஓடும் வண்டிகளில் வாரண்டி முடிந்தவை வெளிப் பட்டறைக்குத்தான் வருகின்றன, புத்தகம் மட்டும் ஷோரூமில் பூட்டிக் கிடக்கிறது.

இழுப்பதிலும் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. வலுவான ஸ்டீல் இழுத்து விட்டவுடன் பழையபடி திரும்பிக்கொள்ளும், அதனால் சூடு காட்டி மடக்கலாம் என்று கை பரபரக்கும். சூடு வேண்டாம், வண்டியை ஏற்றி இழுக்கும் பெஞ்சில் நாலு இடத்தில் கிளாம்ப் போட்டு, பல பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, நடுவில் அழுத்தம் தளர்த்தி அளந்து பார்த்து மறுபடி இழுப்பதுதான் முறை. கம்பெனி அளவுக்கும் நம் அளவுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். கதவு இடைவெளி சீராக இருக்கிறது, போனட் சரியாக மூடுகிறது, அதனால் சேசிஸ் சரி என்று முடிவு கட்டாதீர்கள். கீலையும் போல்ட்டையும் தளர்த்தி எந்தக் கோணலையும் மறைக்கலாம், வீல் அலைன்மென்ட்டில் மாட்டிக்கொள்ளும்.

வெல்டிங்குக்கு வருவோம். கம்பியை உருக்கி ஒட்டும் பழைய கோ2 மெஷினோடு காலம் தள்ளும் பட்டறைகள்தான் அதிகம். ஆனால் பாக்டரியில் போட்டது ஸ்பாட் வெல்டு என்றால் ரிப்பேரிலும் முடிந்தவரை ஸ்பாட் வெல்டுதான் போட வேண்டும், அதற்கான இன்வெர்ட்டர் மெஷின் பத்தாயிரம் ஆம்பியருக்கு மேல் பாய்ச்சி, இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துப் போடும். இதில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், யார் அவசரப்படுத்தினாலும் விடுவதில்லை. வண்டியில் வைப்பதற்கு முன் அதே கனம், அதே கோட்டிங் உள்ள இரண்டு துண்டுத் தகரத்தில் ஒரு வெல்டு போட்டு, வைஸில் கட்டி, நடுவில் உளியை விட்டுப் பிளக்க வேண்டும். சரியான வெல்டு என்றால் ஜாயின்ட் விடாது, ஒரு தகரம் ஓட்டையாகக் கிழிந்து அடுத்ததில் குமிழ் நிற்கும். ஒரு மில்லித் தகரத்துக்கு அந்தக் குமிழ் குறைந்தது 4 மில்லி இருக்க வேண்டும், 5 இருந்தால் நிம்மதி. பட்டென்று சுத்தமாகப் பிரிந்து வந்தால் வெல்டு ஆகவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது அவ்வளவுதான். எங்கள் பக்கம் காலையில் சரியாக விழுந்த வெல்டு, பக்கத்து லேத் பட்டறைகள் எல்லாம் ஓட ஆரம்பித்து வோல்டேஜ் இறங்கியதும் விழாமல் போனது உண்டு. மெஷின் திரையில் எல்லாம் சரி என்றுதான் காட்டும், உளிதான் உண்மை சொல்லும்.

ஸ்பாட் மெஷினின் கை நுழையாத இடங்களுக்கு எம்ஐஜி பிரேசிங் என்று ஒன்று வந்திருக்கிறது. சிலிக்கான் கலந்த செம்புக் கம்பி, சுத்தமான ஆர்கான் கேஸ். கம்பி ஆயிரம் டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும், ஸ்டீல் உருக 1500 வேண்டும், அதனால் தாய்த்தகரம் உருகாமலேயே ஜாயின்ட் ஆகிறது, சுற்றி உள்ள துத்தநாகப் பூச்சும் அதிகம் எரிவதில்லை. மேனுவல் அனுமதித்த இடத்தில் மட்டும் இதைப் போடுங்கள். தங்க நிறத்தில் அழகாக இருக்கிறது என்று எல்லா இடத்திலும் போட ஆரம்பித்தால் இன்னொரு தலைவலி.

அப்புறம் பசை. "ஏனுங்க, காரைப் பசை போட்டு ஒட்டுவீங்களா?" என்று ஒரு பெரியவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஒட்டுகிறோம்தான், இரண்டு பாகம் கலந்து வரும் எபாக்ஸி, பல வண்டிகளில் பாக்டரியிலேயே வெல்டும் பசையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். துப்பாக்கியில் முதலில் வரும் கொஞ்சத்தை வெளியே தள்ளி, நிறம் ஒரே மாதிரி ஆன பிறகுதான் பேனலில் இழுக்க வேண்டும். பசை ஈரமாக இருக்கும்போதே ஸ்பாட் வெல்டு போடலாம். பக்கத்தில் கம்பியை உருக்கிப் போடும் எம்ஐஜி வெல்டிங் அடித்தால் பசை கருகிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், வெல்டு இருந்த இடத்தில் வெறும் பசை போடக் கூடாது. அமெரிக்காவில் டெக்சாஸில் இப்படி ஒரு வழக்கே நடந்தது. ஆலங்கட்டி மழையில் அடிபட்ட ஒரு 2010 மாடல் ஹோண்டா ஃபிட்டுக்கு ஒரு பாடி ஷாப், கம்பெனி சொன்னபடி வெல்டு போடாமல் பசையால் கூரையை ஒட்டிவிட்டது. வண்டி கை மாறி, 2013-இல் விபத்தில் சிக்கித் தீப்பிடித்து, உள்ளே இருந்த தம்பதிக்குக் கடுமையான காயம். 2017-இல் டாலஸ் ஜூரி அந்தக் கடைமேல் விதித்த பங்கு 3 கோடியே 15 லட்சம் டாலர். பசை நல்ல பசைதான், இடம்தான் தப்பு.

அலுமினியம் நம்மூரில் இன்னும் பரவலாக வரவில்லை, ஆனால் விலை கூடிய வண்டிகளின் போனட்டில் வந்துவிட்டது. ஆடி ஏ8 1994-லேயே உடல் முழுக்க அலுமினியத்தில் வந்தது, 2003-இல் ஜாகுவார் எக்ஸ்ஜே, 2015 மாடலில் ஃபோர்டு எஃப்-150. பேனலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் கையை நிறுத்திவிட்டு யோசியுங்கள். இது 660 டிகிரியில் உருகும், ஆனால் அதற்கு முன் சிவக்காது. நிறம் மாறும் என்று விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தால் திடீரென்று பொத்தென ஓட்டை விழும். ஹீட் கன், தெர்மாமீட்டர், 200 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டீலில் உபயோகித்த சுத்தியலும் பிரஷ்ஷும் இதில் படக் கூடாது, இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு பெயிண்டுக்கு அடியில் அரிக்க ஆரம்பிக்கும். இதன் தூசி தீப்பற்றக் கூடியது, கிரைண்டர் பொறி பறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்க்கவே கூடாது.

பம்பரைப் புரட்டிப் பார்த்தால் உள்பக்கம் 'பிபி+ஈபிடிஎம்-டிடி20' என்ற மாதிரி ஒரு முத்திரை இருக்கும். பாலிபுரோப்பிலீனும் ரப்பரும், அதில் 20 சதவீதம் டால்க் என்று அர்த்தம். ஐந்து ரூபாய்ப் பசை இதில் நிற்காது. அதே பிளாஸ்டிக் கம்பியால் வெல்டு போடலாம், விரிசலுக்குப் பின்னால் சூட்டு ஸ்டேப்ளரில் வளைவுப் பின் இறக்கலாம், பெயிண்டுக்கு முன் அது பிடிப்பதற்கான அடீஷன் புரோமோட்டர் அடித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முதல் பிரஷர் வாஷிலேயே பெயிண்ட் பட்டையாக உரியும். ஆனால் பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கும் வண்டியில் அந்தப் பகுதியில் வெல்டு, பட்டி எதுவும் கூடாது என்று பல கம்பெனிகள் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கின்றன. அங்கே உடைந்தால் புது பம்பர்தான்.

கேமரா, ரேடார் வைத்து ஓட்டுபவருக்கு உதவும் அடாஸ் வந்த பிறகு முன் கண்ணாடி மாற்றுவது கூட அரைமணி வேலையாக இல்லை. 2021-இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி700, எம்ஜி ஆஸ்டர் தொடங்கி இப்போது நடுத்தர விலை வண்டிகளிலும் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு டிகிரி திரும்பினால் 50 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கும், ஒரு லேனின் அகலமே மூன்றரை மீட்டர்தான். அதனால் கண்ணாடி மாற்றினாலும், முன்பக்கம் அடிபட்டாலும் கேமராவின் பார்வையைச் சரிப்படுத்தும் காலிபரேஷன் செய்ய வேண்டும். சமதளமான தரை, சரியான டயர் காற்று, டிக்கியில் சாமான் இல்லாமல், அளந்து வைத்த போர்டுக்கு முன்னால். நம் பட்டறைகளில் பாதிக்கு மேல் தரையே சமமில்லை, அதனால் நான் இந்த வேலையை வசதி உள்ள இடத்துக்குத்தான் அனுப்புகிறேன்.

ஏர்பேக் விஷயத்தில் நடக்கும் அயோக்கியத்தனத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. வெடித்த பேக்கை மாற்ற ஆகும் செலவைத் தவிர்க்க, கனெக்டரில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி டேப் சுற்றிவிடுவார்கள். கம்ப்யூட்டர் பேக் இருப்பதாக நினைத்துக்கொள்ளும், விளக்கு அணைந்துவிடும், ஸ்டியரிங் மூடிக்குள் வெறும் காலி. ஒரு ஸ்டியரிங்கைப் பிரித்தபோது நானே கையில் எடுத்திருக்கிறேன். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தேகம், எரிந்து அணைந்தாலும் விபத்தான வண்டி என்றால் புது பேக்கின் பில்லைக் கேளுங்கள்.

பெயிண்ட் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடியாது, ஒன்று மட்டும். இரண்டு பாகம் கலந்து நிறத்துக்கு மேல் அடிக்கும் கிளியர் கோட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சில் போய் ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் அப்புறம் துளியளவு பட்டாலே ஆஸ்துமா இழுக்கும். வாசனையை வைத்து உஷாராகவும் முடியாது. முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடித்த ஒரு நண்பர், கையெழுத்து மாதிரி தனித்தெரியும் வேலைக்காரர், மூச்சு வாங்கி ராத்திரி தூங்க முடியாமல் தொழிலையே விட்டுவிட்டார். வெளிக்காற்றைக் குழாயில் கொண்டு வரும் மாஸ்க் இருந்தால்தான் என் பெயிண்ட் பூத்தில் ஸ்பிரே துப்பாக்கி பிடிக்க விடுவேன். தம்பிகள் முனகுவார்கள், முனகட்டும். எலெக்ட்ரிக் வண்டி பூத்துக்குள் போகும்போது சூட்டையும் பார்க்க வேண்டும், பெயிண்டைக் காய வைக்கும் வழக்கமான 60 டிகிரி பேட்டரிக்கு ஆகுமா என்று அந்த வண்டியின் மேனுவலைப் பார்த்துவிட்டுத்தான். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் பயிற்சி இல்லாதவர் கை வைக்கவே வேண்டாம்.

இன்சூரன்ஸில் வருபவர்களுக்கு: சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், கண்ணாடிக்குக் கழிப்பதில்லை, இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயசைப் பொறுத்து. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் போட்டிருந்தால் இந்தக் கவலை குறையும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் பார்ப்பது வெளியே தெரிவதை மட்டும்தான். பிரித்த பிறகு உள்ளே ரெயில் மடங்கியிருப்பது தெரிந்தால் வேலையை நிறுத்தி, சப்ளிமென்டரி எஸ்டிமேட் போட்டு, அவரை மறுபடி வரவழைக்க வேண்டும். "ரிப்பேர் பண்ணிக்கலாமே, எதுக்குப் புதுசு?" என்று அவர் கேட்டால் மேனுவலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொடுங்கள், பெரும்பாலும் வாக்குவாதம் அதோடு நின்றுவிடும். வண்டிக்காரர் கேட்டு வாங்க வேண்டியது போட்டோக்கள். பழைய பாகம் கழற்றியபோது ஒன்று, புதியதில் வெல்டு விழுந்த பிறகு பிரைமர் அடிக்கும் முன் ஒன்று, காலிபரேஷன் ரிப்போர்ட் ஒன்று. வண்டி விடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், பெயிண்ட் ஏறிய பிறகு கேட்டால் யாராலும் காட்ட முடியாது.